பதிவேடும் புலம்பலும்: மன்னார்க் கரையில் வழிபாடு, பிரசங்கம், சடங்கு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாரை நோக்கிச் செல்லும் வீதி நீளத்தாற் சிறியது, வரலாற்றாற் பெரியது. பட்டினத்தைக் கடந்த சிறிது தூரத்தில் தாராபுரம் என்னும் முஸ்லிம் கிராமம் வருகிறது. அதனையடுத்துத் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயமும் பேசாலையில் வெற்றிநாயகி ஆலயமும் உள்ளன. தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் இருக்கிறது. இவ்வளவு குறுகிய பரப்பினுள் மூன்று பெருஞ்சமயங்களின் வழிபாட்டு மரபுகள் அருகருகே நிலைபெற்றிருத்தல் ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்ப்பது இயல்பே. எனினும், அவ்வீதியிற் காணப்படுவதைப் போலவே காணப்படாத ஒன்றும் வரலாற்று முக்கியத்துவம் உடையது. 1658 தொடக்கம் 1795 வரை, நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இத்தீவை ஆண்டது. அரசு, பாடசாலை, சட்டம் ஆகிய மூன்றின் துணையோடும் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தை அது பரப்பிற்று. ஆயினும் அச்சபையைத் தனதென்று கூறும் மீனவக் கிராமம் ஒன்றேனும் அவ்வீதியில் இல்லை. அந்த ஆட்சி தடைசெய்த கத்தோலிக்கமோ இன்றும் அங்கு உயிரோடிருக்கிறது.

இது ஏன் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. நம்பிக்கையின் உறுதியே காரணம் என்பது சமயத்தாரின் விடை. சடங்கில் மூழ்கிய பாமரர் பகுத்தறிவு சார்ந்த எளிய வழிபாட்டை ஏற்கும் பக்குவம் பெறவில்லை என்பது ஒல்லாந்தப் பாதிரிமார் தாமே கூறிச் சென்ற விடை. பிற்காலத்து அறிஞர் சிலரும் அதனையே வேறு சொற்களிற் கூறியுள்ளனர். இவ்விரு விடைகளும் போதியன அல்ல என்பது நமது கருத்து. வழிபாடு என்பது கருத்துநிலையின் கூறு மட்டுமன்று. அது ஒரு சமூக உறவும் ஆகும். அதனை நடத்துபவர் யார், அவருக்குச் சோறிடுபவர் யார், சொல்லை வாயில் ஏந்துபவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாது அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

2

ஒல்லாந்தர் வந்தபோது மன்னாரில் இருந்த கிறிஸ்தவம் ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் பல நூற்றுவரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். தோட்டவெளி ஆலயத்தின் பெயர் அந்நினைவைச் சுமந்து நிற்பதாகும். 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினான். முத்துக்குளித்துறையிலிருந்து பரதவர் பலர் இங்குக் குடியேற்றப்பட்டனர். 1578இல் கொல்லத்தில் தமிழச்சிலே ‘தம்பிரான் வணக்கம்’ வெளியிட்ட அன்றிக் அடிகளாரும் சிலகாலம் மன்னாரில் இருந்து பணியாற்றியவரே.

இக்காலக் கிறிஸ்தவத்தை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. அது வாளின் நிழலில் வளர்ந்தது. முத்தும் சங்கும் தந்த கடலின் மீது அதிகாரம் செலுத்த விரும்பிய வணிக வல்லரசொன்றின் சமயம் அது. சைவக் கோயில்கள் பல இடிந்தது அவ்வல்லரசின் கையிலேதான். ஆயினும் திருவிழா, திருச்சுரூபம், மெழுகுவர்த்தி, பவனி, காவற் புனிதர் ஆகியவற்றைக் கொண்ட அவ்வழிபாடு, பருவக் காற்றையும் கடலின் ஆபத்தையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளர் கூட்டத்தின் ஆண்டு வட்டத்தோடு மெல்ல இணைந்துகொண்டது. இந்த இணைப்பின் வலிமையை ஒல்லாந்தர் கணக்கிலெடுக்கவில்லை.

3

1658 பெப்ரவரியில் மன்னாரும் அதே ஆண்டு யூனில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. படையோடு வந்தவர்களுள் ஒருவர் பிலிப்பு பல்தேயுஸ் பாதிரியார். 1632இல் டெல்வ்ற் நகரிற் பிறந்த இவர் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றினார். மன்னாரும் இவரது பொறுப்பினுள் அடங்கியிருந்தது. நாடு திரும்பியபின் இவர் எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. தமிழ் எழுத்துக்களையும் தமிழிற் கர்த்தர் செபத்தையும் ஐரோப்பிய வாசகர்முன் வைத்த தொடக்ககால நூல்களுள் அதுவும் ஒன்று.

பல்தேயுஸை வெறும் அதிகாரக் கருவியாகச் சித்திரிப்பது எளிது, ஆனால் நீதியன்று. அவர் உழைப்பாளி, கற்கும் ஆர்வமுடையவர், மத்தேயுவின் சுவிசேஷத்தைத் தமிழாக்கியவர். எதிர்ச்சபையினரான சவேரியாரின் ஆற்றலை மனம்விட்டுப் புகழ்ந்து, அவர் தம் சமயத்தவராக இல்லையே என்று ஏங்கும் நேர்மையும் அவரிடம் இருந்தது. எனவே அவருடைய வழிபாட்டுக் கொள்கையை அதன் உள்நியாயத்தோடு நோக்குவதே முறை.

அக்கொள்கையின் மையம் சொல். கல்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைக்கு வழிபாடு என்பது வேதத்தை வாசித்தல், விளக்குதல், கேட்டல் ஆகியனவே. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் தெல்லிப்பழை முதலாக ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டன. சுரூபங்களும் பலிபீடங்களும் அகற்றப்பட்டன. பிரசங்க மேடையும் மாணாக்கரின் இருப்பிடமும் அவற்றின் இடத்தைப் பெற்றன. கோயிலே பாடசாலையாயிற்று. கர்த்தர் செபம், விசுவாச அறிக்கை, பத்துக் கற்பனைகள், வினா-விடை வடிவிலான ஞானோபதேசம் ஆகியவற்றைச் சிறார் மனனஞ் செய்தனர். போதகர் மிகச் சிலராகவும் கோயில்கள் பலவாகவும் இருந்தமையால், பெரும்பாலான ஞாயிறுகளில் எழுதி அனுப்பப்பட்ட பிரசங்கத்தைப் பாடசாலை உபாத்தியாயரே வாசித்தார். பாதிரியார் வரும் நாட்களிற்கூட அவரது சொல் பெரும்பாலும் போர்த்துக்கேய மொழியினூடாகவும் துவிபாஷியின் வாயினூடாகவுமே மக்களை அடைந்தது.

சடங்குகளுள் இரண்டே எஞ்சின: ஞானஸ்நானம், கர்த்தரின் இராப்போசனம். முதலாவது தாராளமாக வழங்கப்பட்டது. இரண்டாவது இறுக்கமாக மறுக்கப்பட்டது. கீழைத்தேசங்களிற் கம்பனியின் சபைகள் பலவற்றில் இவ்விரு திருவருட்சாதனங்களும் இவ்வாறு பிரிக்கப்பட்டமை பெரும் விவாதத்துக்குரியதாய் இருந்தது. யாழ்ப்பாணப் பட்டினப் பகுதியில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர் பதிவில் இருந்தனர். அவர்களுள் இராப்போசன மேசைக்கு வர அனுமதி பெற்றோர் மிகச் சிலர். இவர்கள் பெயரளவிற் கிறிஸ்தவர் என்பதைப் பாதிரிமார் அறிந்தே இருந்தனர். அறிந்தும், பெயரை மட்டும் ஏன் விடாது பதிந்தனர்?

சுவையான ஒரு முரணையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். பல்தேயுஸ் தம் நூலின் ஒரு பகுதியை இந்நாட்டாரின் ‘விக்கிரக வழிபாட்டை’ விவரித்துக் கண்டிக்க ஒதுக்கினார். அப்பகுதி பெரிதும் யாக்கோப் பெனீசியோ என்னும் இயேசுசபைக் குருவின் கையெழுத்துப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை 1933இல் யார்ல் சார்ப்பென்ரியர் எடுத்துக்காட்டினார். சடங்கை ஒழிக்க வந்தவர், சடங்கு பற்றிய தம் அறிவை மக்களிடமிருந்து நேரே பெறாமல் போட்டிச் சபையின் ஏட்டிலிருந்து பெற்றார். மக்களின் வழிபாட்டை அவர் பெரும்பாலும் நூலினூடாகவே கண்டார் எனலாம்.

4

மேலெழுப்பிய வினாவுக்கு விடை கம்பனியின் ஆட்சி முறையில் இருக்கிறது. பாதிரியார் கம்பனியின் சம்பளம் பெறும் ஊழியர். சபைக் கூட்டங்களிற் கம்பனியின் பிரதிநிதி அமர்ந்திருந்தார். பாடசாலைகளை ஆண்டுதோறும் பார்வையிட்ட குழுவிற் போதகரோடு அரசாங்க அதிகாரிகளும் இடம்பெற்றனர். பாடசாலைக்கு வராத பிள்ளைக்குத் தண்டம் அறவிடப்பட்டது. பாடசாலைத் தோம்பு என்னும் பதிவேட்டில் உபாத்தியாயர் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தார். அப்பதிவின்றி விவாகம் செல்லுபடியாகாது. விவாகம் செல்லாதவிடத்து முதுசத்தின் மேலுள்ள உரிமையும் ஐயத்துக்குரியதாகும். நிலத்தையும் ஆளையும் வரியையும் கணக்கிட்ட காணித் தோம்பு, தலைத் தோம்பு ஆகியவற்றோடு பாடசாலைத் தோம்பையும் சேர்த்து நோக்கும்போதே அதன் இயல்பு துலங்கும்.

ஆகவே ஞானஸ்நானம் இரு வேறு பொருள்களை உடையதாயிற்று. பாதிரியாரின் இறையியலில் அது கிருபையின் அடையாளம். ஆளப்படுவோரின் வாழ்வில் அது முத்திரையிட்ட பத்திரம். மக்கள் அறியாமையாற் போலிக் கிறிஸ்தவர் ஆகவில்லை; தம்மிடம் கோரப்பட்டது எதுவென்பதை அவர்கள் செவ்வனே விளங்கியிருந்தனர். கேட்கப்பட்டது பெயர், அவர்கள் கொடுத்ததும் பெயர். உள்ளத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். சைவர் கோவிற்கடனைத் தோட்டத்து மூலையிலும், கத்தோலிக்கர் செபமாலையை அடுக்களையிலும் காத்த காலம் அது. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என 1658இலேயே கட்டளை பிறந்திருந்தது.

இத்தகைய சபையின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அந்த ஆட்சியின் வீழ்ச்சியே வெளிப்படுத்தியது. 1795இல் பிரித்தானியர் வந்து, பதவிக்கும் விவாகத்துக்கும் ஒல்லாந்தச் சபையின் முத்திரை வேண்டாமென்ற நிலை தோன்றியதும் பதிவேட்டுக் கிறிஸ்தவம் சிதைந்தது. 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த குளோடியஸ் புக்கானன் கண்டவை கைவிடப்பட்ட கோயில்களே. பதிவாளன் போனபின் பதிவு நிலைக்கவில்லை.

5

தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கத்தை மீளக் கட்டியோர் கோவாவிலிருந்து வந்த ஓரற்றோரியன் குருமார். யோசப் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்திற் செபமாலையுடன் வீடுதோறும் பிச்சையெடுத்து, அதனை அடையாளங் கண்டோர் மூலம் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டறிந்தார். சில்லாலை அவரது புகலிடமாயிற்று. 1690ஐ ஒட்டிய நத்தார் இரவொன்றில் வழிபாட்டுக்குக் கூடிய முந்நூறு பேர்வரை பிடிபட்டனர். 1711இல் கண்டியில் இறந்த வாஸ் அடிகள் 2015இற் புனிதராக அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டம் நமது ஆய்வுக்குப் புறம்பானது. பிச்சைப் பாத்திரம் புறம்பானதன்று. சம்பளம் இல்லாத குரு உணவுக்கும் ஒளிப்பிடத்துக்கும் செய்தி கொண்டுசெல்லவும் மக்களையே நம்ப வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாயிருந்த நிலையில் வழிபாட்டின் அன்றாடப் பொறுப்பு மூப்பர், உபதேசியார், சங்கிலித்தாம், அண்ணாவியார் ஆகியோரின் கைக்கு மாறிற்று. அரசை இழந்தமையாற் கத்தோலிக்கம் மக்களிடம் வந்து சேர்ந்தது. இது குருமாரின் நற்குணத்தால் மட்டும் விளைந்ததன்று. வரலாற்று நிர்ப்பந்தத்தால் விளைந்தது.

இந்நிர்ப்பந்தத்தின் இலக்கிய வெளிப்பாடே, 1705இல் இலங்கை வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் எழுத்து. சாங்கோபாங்க சுவாமி எனத் தமிழர் வழங்கிய இவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் செய்தார். தமிழ் நூல்களுள் தவக்காலத்துக்குரிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இங்கு நம் கவனத்துக்கு உரியது. கிறிஸ்துவின் பாடுகளைப் பொருளாகக் கொண்ட ஒன்பது பிரசங்கங்கள் அதில் அடங்கும்.

பல்தேயுஸின் பிரசங்கத்தையும் இதனையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எளிமையான மொழி மக்களைச் சென்றடையும், கடினமான மொழி சென்றடையாது என்பது நாம் வழக்கமாகக் கொள்ளும் எண்ணம். ஒல்லாந்தரின் வினா-விடை எளியது, குறுகியது, மனனத்துக்கு ஏற்றது. ‘வியாகுலப் பிரசங்க’த்தின் நடையோ வடசொற் செறிந்தது, நீண்டு தொடரும் வாக்கியங்களை உடையது, அகராதியின்றிக் கற்றோருக்கே தடுமாற்றந் தருவது. ஆயினும் முன்னையது மறக்கப்பட்டது. பின்னையது இந்நூற்றாண்டிலும் கரையோர ஆலயங்களில் ஒலிக்கிறது. காரணம், அதன் பொருள் சொல்லினூடாக மட்டுமன்றிக் குரலினூடாகவும் கடத்தப்படுவது. அதனை ஊரவர் ஒருவரே இராகமிட்டு இழுத்து ஓதுவார். இறந்தவரை முன்னிலைப்படுத்தி விளித்தல், தாயின் துயரை அடுக்கிக் கூறல், கேட்போரின் குற்றத்தை நினைவூட்டல் ஆகிய அதன் உத்திகள் நம் பெண்கள் இழவு வீட்டிற் பாடும் ஒப்பாரிக்கு மிக நெருங்கியவை. கடலுக்குச் சென்ற கணவனையும் மகனையும் இழந்த துறைகளில் அப்புலம்பலுக்குத் துவிபாஷி தேவைப்படவில்லை.

ஊடக வேறுபாடும் கவனிக்கத்தக்கது. 1737 முதல் அச்சகம் கொழும்பில் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1759இல் தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அதிலேயே வெளிவந்தது. தமிழ் உரைநடை வரலாற்றில் அது சிறந்த சாதனை என்பதில் ஐயமில்லை. கொன்சால்வெஸின் நூல்களோ ஏடுகளிலும் கையெழுத்துப் படிகளிலும் கைமாறின. படியெடுத்தவரும் ஓதியவரும் கேட்டவரும் ஒரே ஊரவர். பிரசங்கம் அவர்களிடையே மேடையை விட்டிறங்கி அரங்காயிற்று. சுரூபங்களை இயக்கி, பிரசங்கத்தை ஓதி நிகழ்த்தப்படும் பேசாலையின் உடக்குப் பாஸ் மரபும், மன்னாரின் வடபாங்கு, தென்பாங்கு நாடகங்களும், வாசகப்பாக்களும் இவ்வழியில் வளர்ந்தவை. ‘என்றீக் எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசௌந்தரி’ ஆகிய நாடகங்களை 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்தபோதே கல்வியுலகம் அவற்றின் பெறுமதியை உணரத் தலைப்பட்டது.

6

இவ்வளவிற் கட்டுரையை முடித்தால் அது சடங்கைப் போற்றும் கட்டுரையாகிவிடும். அது நம் நோக்கமன்று. மக்கள் கையிற் சேர்ந்த வழிபாடு மக்களிடையே இருந்த ஏற்றத்தாழ்வுகளையும் சேர்த்தே காத்தது. திருவிழாவின் முதலுரிமை, பவனியில் முன்பின், மூப்பர் பதவி, சுரூபம் தூக்கும் உரிமை என்பன சாதியையும் செல்வத்தையும் பின்பற்றியே வகுக்கப்பட்டன. புலம்பல் துயரத்துக்கு மொழி கொடுத்தது. துயரத்தின் காரணத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. வலைக்காரனின் வறுமைக்குப் பொறுப்பான சம்மாட்டியையும் முத்துக்குளிப்பின் வருவாயைக் கொண்டுசென்ற கம்பனியையும் அப்புலம்பல் தொடவில்லை. பாவம் என்னும் பொதுச் சொல்லினுள் அனைத்தையும் அடக்கிற்று.

மறுபுறம், பல்தேயுஸின் கொள்கையில் முற்போக்கான கூறுகள் இருந்தன. ஊர்தோறும் பாடசாலை, எழுத்தறிவு, விளக்கவுரைக்கான உரைநடை, புனிதப் பொருள்களின் மீதான மாயையை மறுக்கும் துணிவு ஆகியவை எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. அவை தோற்றது அவை தவறானவை என்பதால் அன்று. தண்டப் பணத்தோடும் தோம்போடும் வந்தமையால். மக்களின் இசைவைப் பெறாத மேலாண்மை நிலையாது என்பதைக் கிராம்சி இத்தாலியச் சூழலில் விளக்கினார். மன்னார்க் கரை அதற்குத் தமிழ்ச் சூழலில் ஒரு சான்று.

7

முற்போக்கு வாசகர்க்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. சடங்கை எதிர்த்து, அறிவை ஏந்தி, மேடையேறி விளக்கவுரை ஆற்றியோருள் நாமும் உள்ளோம். எழுதிக் கொடுத்ததை உபாத்தியாயர் வாசிக்க மக்கள் மௌனமாகக் கேட்ட காட்சி நம் கூட்டங்கள் பலவற்றை நினைவூட்டவில்லையா? நம் இயக்கத்தின் சொல் மக்களின் வாயிற் புகுந்த தருணங்கள் வேறானவை. தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின்போது ‘கந்தன் கருணை’ ஊர் ஊராக ஆடப்பட்டபோதும், 1969இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தில் வர்க்க முரணைக் காட்டியபோதும் கேட்போர் வெறுங் கேட்போராய் இருக்கவில்லை. வடிவம் அவர்களுடையது, புதிய பொருள் அதனுள் எழுந்து நின்றது. பல்தேயுஸின் வினாவும் கொன்சால்வெஸின் குரலும் சந்திக்க வேண்டிய இடம் அதுவே.

இறுதியாக, தொடங்கிய வீதிக்குத் திரும்புவோம். ஒல்லாந்தரின் திருச்சபைப் பதிவேட்டுக்குள் அடங்காது, தம் மார்க்கத்தைத் தாமே தாங்கி நின்றோர் தீவின் முஸ்லிம் மக்கள். 1990 ஒக்டோபரில் தாராபுரத்தாரும் ஏனைய வடபுல முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வீடும் வள்ளமும் பள்ளிவாசலும் பின்னே நின்றன. ஆனால் புத்தளத்து அகதிக் குடியிருப்புகளின் ஓலைக் கொட்டில்களில் தொழுகையின் வரிசை மீண்டும் அமைந்தது. யுத்தம் 2009இல் முடிந்தபின் திரும்பியோர் அதே வரிசையைப் பழைய மண்ணில் மீண்டும் அமைத்தனர். சபை என்பது கட்டடமும் பட்டியலும் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தமிழ் பேசும் மக்களுள் ஒரு பகுதியினரை மற்றொரு பகுதியின் பெயரால் வெளியேற்றிய அச்செயலும், 2019இல் திருக்கேதீச்சர வீதி வளைவு பற்றி எழுந்த சைவ-கத்தோலிக்கப் பிணக்கும், மனிதரை மீண்டும் பதிவேட்டின் பத்திகளாக நோக்கும் மனப்பாங்கின் விளைவுகளே. அப்பத்திகளை முதலில் வரைந்தவை வரி அறவிட வந்த ஆட்சிகள் என்பதை அக்கரையின் மக்களுக்கு நினைவூட்டுவது வரலாற்றாசிரியரின் கடமையாகும்.